மேண்டலினுக்கு ஒரு வார்

பிப்ரவரி 18, புதன். சாம்பல் புதன்

டாக்டரம்மா சொன்னபடி இன்று முதல் எழுதுகிறேன். காலையும் மாலையும் என் மனைவி ரூபியின் நாடியைப் பார்த்துக் குறிக்க வேண்டும். தையல் போட்ட இடம் சிவந்திருக்கிறதா, வீங்கியிருக்கிறதா, காய்ச்சல் உண்டா என்று எழுத வேண்டும். அவர்கள் கேட்டது அவ்வளவுதான். ஆனால் பணி ஓய்வு வரைக்கும் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ட்ரிப் ஷீட் எழுதின கை இது. கோடு போட்ட தாளைப் பார்த்தால் சும்மா இருக்காது.

காலை நாடி எழுபது. மாலையும் எழுபது. சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை.

பேஸ்மேக்கரை இடது காறை எலும்புக்குக் கீழே தோலுக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். கைக்கடிகாரத்தின் முகம் அளவுக்குத் துருத்திக்கொண்டு தெரிகிறது. இதயம் சுணங்கினால் அது தட்டி எழுப்பிவிடுமாம். மெஷின் சொல்வதை இதயம் கேட்கிறது. ரூபிதான் யார் சொல்வதையும் கேட்பதில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் பாடகர் குழு எட்வின் சார், “அக்கா, குருத்தோலை ஞாயிறுக்கு வந்துருவீங்கள்ளா?” என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன், “வராம?” என்றாள். வருஷா வருஷம் அன்று காலை கோயிலிலிருந்து பஜாரைச் சுற்றி ஓசன்னா பாடிக்கொண்டு பவனி போகும். பாடகர் குழுவில் மேண்டலின் வாசித்துக்கொண்டு நடப்பவள் ரூபி. எங்கள் பெனிலா கைக்குழந்தையாக இருந்த வருஷம்கூட விடவில்லை. குழந்தை என் தோளில், மேண்டலின் அவள் தோளில்.

சிக்கல் என்னவென்றால், மேண்டலினின் வார் இடது தோளில்தான் ஏறுகிறது. சரியாக அந்தக் கடிகாரத்துக்கு மேலே. டாக்டரம்மா, “வாசிக்கலாம். ஆனா அந்த இடத்துல எதுவும் அழுத்தக் கூடாது” என்று சொல்லிவிட்டார்கள். ரூபி உடனே என்னைப் பார்த்தாள்.

“வேலைக்குச் சேந்த நாள்லருந்து தோளுல தோல்பை மாட்டுன ஆளு நீங்க. நீங்கதான் ஒரு வழி பண்ணணும்.”

பண்ணுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

நாடி சரி. காய்ச்சல் இல்லை.

நாற்காலியில் உட்கார்ந்தால் வாரே வேண்டாம், மடியில் வைத்துக்கொண்டு பாட்டுக்கு வாசிக்கிறாள். நின்றால்தான் தொல்லை. வலது கை தந்தியைத் தட்ட வேண்டும், இடது கை கழுத்தைப் பிடித்து ஓட வேண்டும். தாங்குவதற்கு மூன்றாவது கை இல்லை.

இன்று வாரைக் கழுத்தில் மாலையாகப் போட்டுப் பார்த்தோம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் அடையாள அட்டை மாட்டுவதுபோல. ஒரு பாட்டு முடிவதற்குள் பிடரி வலிக்கிறது என்றாள். “அப்பவே சொன்னேன்லா, சரிப்படாதுன்னு” என்றேன். “நீங்க எப்ப சொன்னீங்க?” என்றாள். மனசுக்குள் சொல்லியிருந்தேன்.

மத்தியானம் அவியல், அப்பளம். உப்பு குறைவு. குறைத்துப் போடச் சொன்னவனே நான்தான் என்பதால் குறை சொல்ல முடியவில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

நாடி சரி.

வாரை இடுப்பில் கட்டினோம். நிற்கும்வரை பரவாயில்லை. நாலு எட்டு வைத்ததும் மேண்டலின் கவிழ்ந்து முகம் வானத்தைப் பார்க்கிறது. ரூபி குனிந்து அதைப் பார்த்துவிட்டு, “சோத்துத் தட்ட ஏந்திக்கிட்டுப் போற மாதிரில்லா இருக்கு” என்றாள். நானும் சிரித்தேன்.

“பொங்கல் கூட்டத்தையே ஒரு பஸ்ல ஏத்துன ஆளு, ஒரு மேண்டலின ஏத்த முடியலியோ?”

“பார்ப்போம். நாள் இருக்குல்லா” என்றேன்.

இவ்வருஷம் வாசிக்காமல் சும்மா பாடிக்கொண்டு போனால் என்ன என்றும் கேட்டேன். அடுப்படிக்குப் போய்விட்டாள். பாத்திரச் சத்தம் கொஞ்சம் அதிகமாகக் கேட்டது.

மார்ச் 1, ஞாயிறு

புது வருஷத்துக்குப் பிறகு ரூபி இன்றுதான் பாடகர் குழுவோடு உட்கார்ந்தாள். நான் வழக்கம்போலக் கடைசி பெஞ்சு, வாசல் பக்கம். படிக்கட்டிலேயே நின்று பழகினவனுக்கு உள்ளே போய் நடுவில் உட்கார முடியாது.

புது வருஷ ஆராதனையிலும் அங்கேதான் இருந்தேன். பாடகர் குழுவினர் நின்றுகொண்டு பாடினார்கள். மேண்டலின் நின்றது. பிறகுதான் அவள் விழுந்த சத்தம் கேட்டது. எனக்கும் அவளுக்கும் நடுவில் சபை முழுக்க எழுந்து நின்றது. தள்ளிக்கொண்டு போனேன். நான் போய்ச் சேருவதற்குள் யாரோ தூக்கி, யாரோ தண்ணீர் தெளித்து, யாரோ காருக்கே கொண்டுபோய்விட்டார்கள். விழும்போதும் மேண்டலினை மார்போடு பிடித்திருந்தாளாம், ஒரு கீறல் இல்லை. இதையும் யாரோதான் சொன்னார்கள்.

வரும் வழியில் சீலா மீன் வாங்கினேன். நல்ல மீன். நாடி சரி.

மார்ச் 4, புதன்

இன்று வார் வேலை எதுவும் பார்க்கவில்லை. ரூபி பெண்கள் ஐக்கிய ஜெபத்துக்குப் போயிருந்தாள். ஆணியில் தொங்கிய என் பழைய கண்டக்டர் பையை எடுத்துத் துடைத்தேன், தேங்காய் எண்ணெய் போட்டேன், பரண்மேல் வைத்தேன். கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். வேறு விசேஷம் இல்லை.

நாடி சரி.

மார்ச் 5, வியாழன்

இடது தோளில் வாருக்கு அடியில் துண்டை மடித்து வைத்துப் பார்த்தாள். அழுத்தவில்லை என்றாள். அழுத்துகிறது என்றேன். “தோளு எனக்கா, உங்களுக்கா?” என்றாள். விவாதம் அதோடு முடிந்தது. துண்டையும் எடுத்துவிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

கோயம்புத்தூரிலிருந்து பெனிலா இரண்டு தோளிலும் மாட்டுகிற வார் ஒன்று வாங்கி அனுப்பியிருந்தாள், முதுகுப்பை மாதிரி. பிரித்துப் பார்த்தேன். ஒரு பட்டை இடது தோளில் வருகிறது, ஆகாது என்று திரும்பக் கட்டிவிட்டேன். மாட்டிப் பார்க்காமலே கட்டுகிறீர்களே என்று ரூபி பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் பெனிலா போன் செய்தாள்.

“அப்பா, நீங்க தூங்குதீங்களா ஒழுங்கா?”

“தூங்குதேன். ஏன்?”

“அம்மா சொன்னாங்க. நீங்க எந்திரிச்சு எந்திரிச்சு அவங்க மூக்குப் பக்கத்துல கை வச்சுப் பாக்கீங்களாமே.”

பொய். தண்ணீர் குடிக்க எழுவேன். போகிற வழியில் அவள் படுத்திருக்கிறாள். இதைப் போய் மகளிடம் சொல்ல வேண்டுமா?

நாடி சரி.

மார்ச் 14, சனி

எட்வின் சார் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷர். ஸ்பீக்கர் கட்டின ஆட்டோ பவனிக்கு முன்னால் போகும், அக்கா அதில் உட்கார்ந்து வாசிக்கட்டும், வார் பிரச்சினையே இல்லை என்றார். எனக்கு அவரைக் கட்டிப் பிடிக்கலாம்போல இருந்தது. “அதான் சரி, அதான் சரி” என்று இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.

ரூபி காபியை அவர் கையில் கொடுத்தாள்.

“நான் நடந்துதான் வாறேன், சார்.”

“இல்லக்கா, ஒடம்புக்கு...”

“ஆண்டவரே கழுதைல போனாருன்னுதான் நாம நடக்கோம். நான் ஆட்டோவுல போனா நல்லாருக்குமா?”

எட்வின் சார் சிரித்துவிட்டார். அவர் அந்தப் பக்கம் சாய்ந்ததும் எனக்குக் கோபம் வந்தது. கழுதையில் போனவர் உட்கார்ந்துதானே போனார் என்று கேட்டிருக்க வேண்டும். எட்வின் சார் போன பிறகுதான் தோன்றியது.

மார்ச் 17, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போனோம். எல்லாம் சரியாக இருக்கிறதாம். தையல் நன்றாக ஆறிவிட்டது, கையைத் தூக்கலாம், நடக்கலாம்.

“கூட்டத்துல நடக்கலாமா டாக்டர்?” என்று கேட்டேன்.

“தாராளமா.”

“வெயில்ல?”

“தண்ணி குடிச்சிட்டு நடக்கட்டும்.”

“நெருக்கமான கூட்டம்மா, தள்ளுவாங்க.”

டாக்டரம்மா என்னைப் பார்த்தார்கள். பிறகு ரூபியைப் பார்த்தார்கள். பிறகு, “சார், உங்களுக்கும் ஒருதடவ பி.பி. பாத்துருவமா?” என்றார்கள். பார்த்தார்கள். அது எவ்வளவு என்பதை இதில் எழுத வேண்டியதில்லை.

மார்ச் 21, சனி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மளிகைக்கடைக்குப் போய்விட்டு வந்தேன். சாப்பாட்டு மேசைமேல் என் கண்டக்டர் பை இருந்தது. பக்கத்தில் அதன் தோல் வார், தனியாக. ஒரு முனையில் மேண்டலினின் அடிக்குமிழில் மாட்ட ஓட்டை, மறுமுனையில் தலைப்பக்கம் கட்டக் கயிறு. எதிரே ரூபி.

“பை எதுக்குப் பரண்ல ஏறிச்சுன்னு பாத்தேன். வாரில்லாத பைய ஆணில மாட்ட முடியாதுல்லா” என்றாள்.

நான் உட்கார்ந்தேன்.

மார்ச் நாலாம் தேதியே வழி கிடைத்துவிட்டது. இடது தோள் பக்கமே போக வேண்டாம். வாரைக் குட்டையாக அறுத்து வலது தோளில் மட்டும் தொங்கவிட்டால் மேண்டலின் வலது கைக்கு அடியில் அடங்கி நிற்கிறது. காறை எலும்பு, கடிகாரம், எதையும் தொடவில்லை. கண்ணாடி முன்னால் மேண்டலினை மாட்டிக்கொண்டு நடந்துகூடப் பார்த்தேன். அறுத்து, ஓட்டை போட்டு, மெழுகு தேய்த்து, அழகாகச் செய்துவிட்டு, பரண்மேல் வைத்துவிட்டேன். அதற்கப்புறம் செய்ததெல்லாம் நாளைக் கடத்துவதற்கு.

“எப்பலேருந்து தெரியும்?” என்று கேட்டேன்.

“வலது தோளுல மாட்டலாம்னா? மொத நாளே தெரியும். ஹேண்ட்பேக் மாட்டத் தெரியாத பொம்பளையா நான்?”

“பின்ன ஏன் சொல்லல?”

“நீங்களா எடுத்துக் குடுப்பீங்கன்னு பாத்தேன். தெனமும் ஒரு கூத்து காட்டுதீங்க. இன்னைக்குக் குடுப்பாரு, நாளைக்குக் குடுப்பாருன்னு இருந்தேன்.”

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவள் வாரை எடுத்து உள்ளங்கையில் சுற்றினாள். அவிழ்த்தாள். மறுபடி சுற்றினாள்.

“பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா நான் வீட்ல இருந்திருப்பேன்லா.”

“இருந்திருப்பியா?”

கொஞ்சம் யோசித்தாள். “மாட்டேன். ஆனா கேட்டிருப்பேன்.”

பிறகுதான் சொன்னேன். புது வருஷத்தன்று நான் வந்து சேரவில்லை, கடைசி பெஞ்சில் இருந்துவிட்டேன், இன்னொரு தடவை அப்படி ஆனால் என்னால் தாங்க முடியாது என்று. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். ஸ்டாப்பிங் வந்ததும் இறங்குகிறவன் மாதிரி எழுந்து முகம் கழுவப் போய்விட்டேன்.

ரூபி பின்னாலேயே வந்து துண்டைக் கொடுத்தாள்.

“எனக்கும் பயம்தான். அதான் போவணும்ங்கேன். இந்த வருஷம் போவலைன்னா அடுத்த வருஷமும் போக மாட்டேன். அப்புறம் கோயில்ல விழுந்தாங்களே, அந்த ரூபியக்கான்னுதான் சொல்லுவாங்க. மேண்டலின் ரூபின்னு யாரும் சொல்ல மாட்டாங்க.”

நாடி சரி. அவளுடையது.

மார்ச் 23, திங்கள்

மொட்டைமாடியில் நடந்து பார்த்தோம். வலி இல்லை, அழுத்தம் இல்லை. நின்று வாசித்தால் வார் அசையவில்லை. நடந்து வாசித்தால் வழுக்குகிறது. எண்ணெய் போட்டு வளர்த்த தோல், ரவிக்கைத் துணியில் எங்கே நிற்கும்? தேங்காய் எண்ணெய் போட்டவனைத் திட்டிக்கொண்டேன்.

இப்போது உண்மையாகவே வழி தேடுகிறேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

மார்ச் 26, வியாழன்

பழைய காக்கிச் சட்டையின் கையை வெட்டி வாருக்கு அடியில் தைத்தேன். காக்கி நன்றாகப் பிடிக்கிறது. மாடியில் மூன்று பாட்டுக்கு நடந்தாள். ஒரு தடவைதான் இறங்கியது, தோளை ஒரு குலுக்குக் குலுக்கி ஏற்றிக்கொண்டாள்.

“போதும். நல்லா வந்துருக்கு” என்றாள். தைத்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். “தையல் கோணலா இருக்கு. இருக்கட்டும்.”

பக்கத்து மாடியில் துணி காயப்போட வந்தவர்கள் பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. என் மனைவி வாசிப்பதை நான் எப்போதும் கடைசி பெஞ்சிலிருந்துதான் கேட்டிருக்கிறேன். கிட்டத்தில் இருந்து கேட்டால் வேறு மாதிரி இருக்கிறது, விரல் தந்தியில் உரசுவதுகூடக் கேட்கிறது.

மார்ச் 28, சனி

சேலை தேய்த்தாயிற்று. தண்ணீர் பாட்டில் எடுத்து வைத்தாயிற்று. நாடி சரி.

மார்ச் 29, ஞாயிறு. குருத்தோலை

ஏழு மணிக்கே வெயில் ஏறிவிட்டது. பவனி வழக்கமான ஒழுங்கில் புறப்பட்டது. ஸ்பீக்கர் ஆட்டோ, சிலுவை, பாடகர் குழு, பிறகு பெண்கள், கடைசியில் ஆண்கள். எட்வின் சார் சின்ன மைக் ஒன்றை மேண்டலினில் செருகியிருந்தார், அதனால் வாலில் நடந்த எனக்கும் தெளிவாகக் கேட்டது. அகஸ்டின் அண்ணன் பக்கத்தில் நடந்துகொண்டு மகனுக்குப் பெண் பார்த்த கதையைச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். என் காது முழுக்க ஸ்பீக்கரில் இருந்தது.

பஜார் திருப்பத்தில் மேண்டலின் நின்றது.

பாட்டு நிற்கவில்லை, ஓலைகள் ஆடிக்கொண்டுதான் இருந்தன. மேண்டலின் மட்டும் இல்லை. அடுத்து அந்தச் சத்தம் வரும் என்று காத்திருக்கக்கூட இல்லை, கால் கிளம்பிவிட்டது. எனக்கு முன்னால் சபை முழுக்க இருந்தது. என் வாய் தானாகத் திறந்தது.

“வழி விடுங்க, வழி விடுங்க! முன்னால ஏறுங்க, எடம் கெடக்கு! ஓரமா நில்லுங்க, ஓரமா!”

பஸ்ஸில் கத்தின அதே குரல். ஆண்கள் விலகினார்கள், பெண்கள் வரிசையும் விலகியது. ஒருத்தர் கையிலிருந்த ஓலை என் கண்ணில் பட்டது. யாரையோ மிதித்தேன், மன்னிப்புக் கேட்கவில்லை.

ரூபி நின்றுகொண்டிருந்தாள். இரண்டு காலிலும் நேராக. வார் நழுவி முழங்கைக்கு வந்திருந்தது. வேர்வையில் காக்கியும் வழுக்கிவிட்டது. மேண்டலினை மார்போடு பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தவள் கண்ணில் நான்தான் பட்டேன்.

“நல்லாத்தான் இருக்கேன். வாருதான்” என்றாள்.

வாரைத் தூக்கி அவள் வலது தோளில் ஏற்றினேன். ஏற்றின கையை எடுக்கவில்லை. வாரின்மேல் வைத்து, தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தெருவில் நான் அவள்மேல் கை வைத்தது கிடையாது. பஸ்ஸில்கூட, “அம்மா, டிக்கெட்” என்றுதான் கேட்டிருக்கிறேன்.

“கைய எடுங்க. எல்லாரும் பாக்காங்க.”

“பாக்கட்டும்.”

“இது பாடகர் குழுவுல பொம்பளைங்க வரிசை.”

“தெரியும். நீ வாசி.”

வாசித்தாள். நடந்தோம். தந்தி அதிர்வது வார் வழியாக என் கைக்கு வந்தது. எட்வின் சார் பாடிக்கொண்டே திரும்பிப் பார்த்து, “கண்டக்டர் முன்வாசல்ல ஏறிட்டாரு” என்றார். பெண்கள் சிரித்தார்கள். ரூபியின் காது சிவந்துவிட்டது. கையை எடுக்கும்படி அதற்குப் பிறகு அவள் சொல்லவில்லை. பஜார் முழுக்க, திரும்பிக் கோயில் வாசல் வரைக்கும் அப்படியே போனோம். வார் ஒரு தடவைகூட இறங்கவில்லை.

புது வருஷத்தன்று எனக்கு முன்னால் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். இன்று நான்தான் முதலில் போனேன்.

ஆராதனையில் என்னைக் கடைசி பெஞ்சுக்குப் போக விடவில்லை. பாடகர் குழுவுக்குப் பின்னால், தூண் ஓரமாக ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். போடச் சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை.

சாயங்காலம் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது ரூபி மணிக்கட்டை என் பக்கம் நீட்டி, “இன்னைக்குப் பாக்கலியா?” என்று கேட்டாள். அப்போதுதான் நினைவு வந்தது. காலையிலும் பார்க்கவில்லை.

கையைப் பிடித்தேன். எண்ண ஆரம்பித்து, பேச்சில் எண்ணிக்கையை விட்டுவிட்டேன். பிடித்த கையை மட்டும் விடவில்லை. இன்றைய நாடி எழுதப்படவில்லை.